அணைந்துபோன பச்சை

மே 3, சனி

ஊருக்கு வந்ததே தூங்கத்தான். ஆனால் பையில் பரிசோதனைச் சீட்டுகள் இருந்தால் கை சும்மா இருக்குமா? ஊற்றுத் தண்ணீரில் ஒன்றை நனைத்து, போர்வைக்குள் புகுந்து, புறஊதா டார்ச்சை அடித்தேன். பச்சை! பளிச்சென்று. சீட்டில் தடவியிருக்கும், மூன்று வருடமாக லேபில் நான் சமைத்த தூள் - உலோகமும் கரிமமும் கைகோத்துக் கட்டிய கண்ணுக்குத் தெரியாத கூண்டுகள் - எங்கள் ஊர்த் தண்ணீரில் ஒளிர்கிறது. தனியாகச் சிரித்தேன். "இன்னாடி பண்ற உள்ள?" என்றாள் அம்மா.

பிறகு ஊர்க் கிணற்றுத் தண்ணீர். பச்சை அணைந்துவிட்டது.

சீட்டு பழசாக இருக்கும். இன்னொன்று. அதுவும். ஆறு சீட்டு, ஆறும் இருட்டு. இந்தத் தூள் அணைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பூச்சிமருந்து. அதைச் சொல்லித்தானே முனைவர் பட்டமே வாங்கப்போகிறேன்.

மே 4

என் நெறியாளர் ஆனந்தி மேடத்துக்குப் போன் செய்தேன். "சாம்பிள் எடுத்துட்டு வா, சென்னைக்கு அனுப்பலாம். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

சாம்பிளோடு அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி: கிணற்றில் ஏதாவது போடப்பட்டதா? தண்ணீர் எடுக்க வந்த எல்லோரையும் கேட்டேன். ஒன்றும் போடவில்லையாம். சித்திரையில் தூர் வாரியதோடு சரி. 'இல்லை' என்று எழுதினேன்.

அறிக்கை வர மூன்று வாரம் ஆகும். மூன்று வாரம் இதையே குடிப்பதா? பால்வாடிப் பிள்ளைகளுக்கும் இந்தத் தண்ணீர்தான்.

மே 5

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

மே 6

அப்பாவிடம் சொன்னது ஊருக்கே சொன்னதாகிவிட்டது. மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். கிணற்றுக்கு மேலே ஒட்டினாற்போல் இருப்பது கண்ணாயிரம் சித்தப்பாவின் தக்காளித் தோட்டம். செங்கத்திலிருந்து மருந்து வாங்கி வருபவரும் ஊரில் அவர் ஒருவர்தான். சீட்டைக் காட்டச் சொன்னார்கள். ஒவ்வொருவராகப் போர்வைக்குள் வந்து பார்த்தார்கள். காட்டினேன். பெருமையாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைக்க?

"மருந்து அடிச்சியா இல்லியா, சொல்லுடா." அப்பாதான் கேட்டார். சொந்தத் தம்பியை.

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கிணற்றை முள் போட்டு அடைத்தாகிவிட்டது. இனி எல்லோருக்கும் ஊற்றுதான். சித்தப்பா வீட்டுக்கு மட்டும் அதிலும் இடமில்லையாம் - மருந்துக் கையாம், மருந்துக் குடமாம். அது எதுக்கு? நான் அப்படிச் சொல்லலையே. ஆனா சொல்லாதீங்கன்னும் சொல்லலையே. வாய் எங்க போச்சு எனக்கு?

மே 7

குப்பம்மாள் சித்தி ஓடை வரை இறங்கிக் குடம் சுமந்து வருகிறாள். எதிரே போனேன். வழியை விட்டு விலகி நின்றாள். எனக்கு.

மே 9

வேலூர், லேப். சாம்பிள் சென்னைக்குப் போயாகிவிட்டது. ஊரில் நடந்ததை மேடத்திடம் சொல்லவில்லை.

மே 27

அறிக்கை வந்துவிட்டது. நூற்றுச் சொச்சம் மருந்துகளைத் தேடியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. துளியும் இல்லை.

அப்படியென்றால் பச்சையை அணைத்தது எது? இப்போதுதான் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் சீட்டு இருட்டாச்சுன்னு மட்டும்தான் சொல்லும். ஏன்னு நீதான் சொல்லணும்" என்றார்.

பதினெட்டுப் பொருள்களைப் போட்டுப் பார்த்து, வேறெதுவும் அணைக்காது என்று கட்டுரை எழுதி, அதைப் பத்திரிகைக்கும் அனுப்பியவள் நான். தூக்கம் போய்விட்டது. சித்தி குடம் சுமப்பதை நினைத்து மட்டும் இல்லை. கட்டுரையை நினைத்தும்தான். என்ன ஜென்மம் நான்.

மே 31

ஜமுனாமரத்தூரில் இறங்கி, நேராகச் சித்தப்பா வீட்டுக்கு நடந்தேன். அவர் இல்லை. சித்தி உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் கிடந்த பலகையில் உட்கார்ந்தேன்.

"அதும்மேல குந்தாத, கறை புடிக்கும். நெல்லிக் கட்டை. கெணத்துக்கு அறுத்ததுல மீந்தது."

"எந்தக் கெணத்துக்கு?"

"நம்ம கெணத்துக்குத்தான். தூர் வாரினா அடியில புதுப் பலகை எறக்காம இருப்பாங்களா?"

எழுந்துவிட்டேன். "கெணத்துல ஒண்ணும் போடலன்னு சொன்னீங்களே சித்தி."

"பலகைய எப்படிப் போட்டதுல சேத்துக்கறது? அது கெணறுதானே."

அவளைச் சொல்லி என்ன? நெல்லிப் பலகை கிடந்தால் தண்ணீர் ருசிக்கும் என்று எனக்கே தெரியும். அதைக் குடித்துத்தான் வளர்ந்தேன். தெரிந்தும் 'இல்லை' என்று எழுதினேன். ஒரு சிராயைப் பெயர்த்து, ஊற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன்.

ஜூன் 1

காலையில் சீட்டை நனைத்தேன். போர்வை. டார்ச். இருட்டு.

நெல்லியின் துவர்ப்பு, டார்ச்சின் ஒளியைத் தானே விழுங்கிவிடுகிறது. தூளுக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. அவ்வளவுதான் சங்கதி. இதற்குத்தான் இத்தனை பாடு.

மாலையில் கோயில் முன்னால் மறுபடியும் ஊரைக் கூட்டச் சொன்னேன். அறிக்கையைப் படித்தேன். தப்பு என்னுடையது, சித்தப்பா மேல் ஒன்றும் இல்லை என்றேன். முள்ளை எடுத்தார்கள். அப்பா தலை நிமிரவில்லை.

சித்தப்பா கடைசியில் நின்றிருந்தார். "அன்னிக்கும் நீ சொன்ன, நம்பினாங்க. இன்னிக்கும் நீ சொல்ற, நம்புறாங்க. அடிச்சியான்னு அதட்டினாங்களே, இன்னா நடந்துச்சுன்னு எவனாவது என்னைக் கேட்டானா?" சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 3

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 10

அம்மா போனில் சொன்னாள்: சித்தி கிணற்றுக்கு வருகிறாளாம். சித்தப்பா மட்டும் இன்னும் ஓடைத் தண்ணீரைத்தான் குடிக்கிறாராம்.

ஜூன் 19

ஜமுனாமரத்தூர் பஸ் கண்டக்டர் போன் செய்து, வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். ஒட்டியிருந்த தாளில் சித்தப்பாவின் கையெழுத்து: 'தோட்டத்து வாய்க்கால் தண்ணி. இதுல நெல்லிக் கட்டை இல்ல. பாத்து சொல்லு.'

லேபுக்கு வந்து சீட்டை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். போனை எடுத்தேன்.

"சித்தப்பா, அந்த வாய்க்கால்ல இன்னா இன்னா சேருது? மொதல்லருந்து சொல்லுங்க."

சித்தப்பா ஆரம்பித்தார். கரையில் நிற்கும் புளிய மரம், கடுக்காய் மரம், மேலே மாடு கட்டுகிற இடம், போன மழையில் சரிந்த செம்மண்... முக்கால் மணி நேரம். படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

போனை வைக்கும் முன் சொன்னார்:

"மாசியில ரெண்டு வாட்டி மருந்து அடிச்சேன். அதையும் எழுதிக்கோ."