நான் வாயால் சம்மதித்ததாக எழுதப்பட்ட ஆணை

அனுப்புநர்:
சோ. பொம்மையன் (வயது 59),
த/பெ சோலைமுத்து,
மேலத் தெரு, தாடிக்கொம்பு,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: நீதிமன்றம் தள்ளிய பட்டா ரத்து ஆணையை, விசாரணை நடந்ததாகக் காட்டி மீண்டும் பிறப்பித்தது – எனது பூந்தோட்டத்தைக் காப்பாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புமிகு ஐயா, வணக்கம்.

1. தாடிக்கொம்பு சாலையோரம் எனக்கு ஒரு ஏக்கர் பதினெட்டு சென்ட் பட்டா நிலம் உள்ளது. கிணற்றுப் பாசனத்தில் மல்லிகையும் கனகாம்பரமும் போட்டிருக்கிறோம். நானும் என் மனைவி அய்யம்மாளும் சாப்பிடுவது அதில்தான். சென்ற ஆண்டு அதைப் புறம்போக்கு என்று சொல்லி, சரக்கு வைக்கும் கிட்டங்கி கட்டுவதற்காகப் பட்டாவை ரத்து செய்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டேன். நிலம் யாருடையது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அதை நான் மறைக்கவில்லை. பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் கிடையாது என்று ஆணையைத் தள்ளி, என்னை நேரில் விசாரித்துப் புதிதாக முடிவெடுக்க உத்தரவிட்டது.

3. ரத்து செய்த அலுவலகமே விசாரிக்கவும் செய்தது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இம்மனு 'உரிய நடவடிக்கைக்காக' அதே மேசைக்குப் போய்ச் சேரும். முன்பு கொடுத்த இரண்டு மனுக்களும் அப்படித்தான் போயின. இணைத்துள்ள நகல்களிலும் பெயரை மறைத்திருக்கிறேன். தாங்கள் அழைத்தால் நேரில் எழுதிக் காட்டுகிறேன்.

4. விசாரணை 03.02.2026 அன்று. முந்தின நாளே என் தோட்டத்தின் நான்கு மூலையிலும் எல்லைக்கல் நட்டு வெள்ளை அடித்தாயிற்று. முடிவு தெரியாமல் கல் எதற்கு ஐயா? வழக்கமான அளவைதான் என்றார்கள். நான் நம்பவில்லை.

5. 2019-இல் புற்றுநோய்க்காக என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எனக்குப் பேச்சு கிடையாது. என் உதட்டசைவைப் பார்த்துச் சொல்ல அய்யம்மாள் கூட வந்தாள். "நீங்க வெளிய இருங்கம்மா, அவரு மட்டும் வரட்டும்" என்று உதவியாளர் தடுத்துவிட்டார். சொல்ல வேண்டியதை நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். "விசாரணைன்னா வாயால சொல்லணும்யா. எழுதிக் குடுத்தா அது மனு. தபால் பிரிவுல குடுத்துட்டுப் போங்க" என்றார் அதே உதவியாளர். வந்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதிகாரி கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை. வெளியே வந்ததும் அய்யம்மாள், "இம்புட்டுத்தானா? அதுக்குள்ள கேட்டு முடிச்சுட்டாகளா?" என்றாள்.

6. பத்தாம் நாள் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தியில், "மனுதாரர் நேரில் ஆஜராகித் தனது தரப்பை விரிவாக எடுத்துரைத்து, இறுதியில் தனக்கு ஆட்சேபணை ஏதுமில்லை என வாய்மொழியாகத் தெரிவித்தார்" என்று உள்ளது. நான் போகும் முன்பே இதை அடித்து வைத்திருந்தார்கள் என்பது என் சந்தேகம். இல்லையென்றால் என் பெயரில் வேறு யாரையோ பேச வைத்திருக்க வேண்டும். கேட்டு முடிவெடுக்கத்தான் நீதிமன்றம் சொன்னது; கேட்டதாக எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை.

7. வரும் 25-ஆம் தேதி வேலி போட வருகிறார்களாம். அதற்குள் ஆணையை நிறுத்திவைத்து, இதில் சம்பந்தப்படாத வேறு அதிகாரி முன்பு, அய்யம்மாளை உடன் வைத்து என்னை விசாரிக்க வேண்டுகிறேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். இம்மனுவுக்கு ரசீது வேண்டும். இதன் நகல்கள் மூன்று வீடுகளில் இருக்கின்றன. யார் வீடு என்று எழுதவில்லை.

8. கடைசியாக ஒன்று. என் பேத்தி கௌசல்யாவுக்கு ஐந்து வயது. என் குரலை அவள் கேட்டதே இல்லை. அந்த அதிகாரி கேட்டிருக்கிறார். அது எப்படி இருந்தது என்று அவரை விசாரித்து, எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

நாள்: 16.02.2026
இடம்: திண்டுக்கல்

இதைத் தன் கையாலேயே எழுதிய,
சோ. பொம்மையன்