இணைப்பு விமானம்

செவ்வாய், நண்பகல்

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நலமாக இருக்கிறேன், ஆனால் பாதி வழியில் இருக்கிறேன். மூடுபனியால் முதல் விமானமே தாமதமாகத்தான் கிளம்பியது. இங்கே இறங்கி, கைப்பையோடு மூச்சிரைக்க ஓடினேன். கதவைச் சாத்திவிட்டார்கள். நான் ஏற வேண்டிய விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசையாமல் நிற்கிறது. "அதோ நிக்குதே, ஏத்திவிடக் கூடாதா?" என்று கேட்டேன். கவுன்ட்டர் பெண்ணுக்கு நம் மொழி தெரியாது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

நாளைக்கு இடம் உண்டாம். பெட்டி எந்த ஊரில் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து வருஷம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி வார்டில் நின்றே பழகிய கால்கள் உட்கார மறுக்கின்றன. போனில் பேசினால் இங்கே பாதி வார்த்தைதான் கேட்கிறது. அதனால் போனிலேயே கடிதமாக எழுதி அனுப்புகிறேன்.

வீணாக விமான நிலையத்துக்கு வந்து நிற்காதீர்கள்.

உங்கள்
சிஸ்டரம்மா

செவ்வாய், மாலை

அன்புள்ள சிஸ்டரம்மாவுக்கு,

கிளம்பிச் செருப்பை மாட்டும்போது உன் கடிதம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். அலமாரியில் உனக்கு ஒதுக்கிய பாதியைத் துடைத்தேன்; ஏற்கெனவே துடைத்ததுதான். என் சட்டைகள் மற்றப் பாதியில் பிதுங்கிக்கொண்டு கிடக்கின்றன.

கோபித்துக்கொள்ளாதே, நிஜமாகவே கேட்கிறேன். கட்டிலில் நீ எந்தப் பக்கம் படுப்பாய்? வலதா, இடதா?

என்னோடு வேலை செய்கிறவன் போனில் சிரிக்கிறான். "என்னண்ணே, புது மாப்பிள்ளை மாதிரி பதறுறீங்க!" லீவை நீட்டச் சொல்லிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
லிஃப்ட்காரன்

புதன், பிற்பகல்

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

இன்றும் கிளம்பவில்லை. ஆள் அதிகமாம். நாளைக்கு என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே குழப்பம், நேரில் சொல்கிறேன்.

இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். சென்ட் கடைப் பெண், இன்னுமா போகவில்லை என்று கண்ணாலேயே கேட்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடக்கிறேன்.

வலதா, இடதா என்றீர்களே, எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமும் ஒற்றைக் கட்டில்; நடுவில்தான் படுத்தேன். நீங்கள் சாப்பிடும்போது டிவி ஓடுமா? எனக்குச் சத்தமில்லாமல் பழகிவிட்டது. சும்மாதான் கேட்டேன்.

உங்கள்
சிஸ்டரம்மா

புதன், மாலை

சிஸ்டரம்மாவுக்கு,

உனக்கு இடம் கொடுக்காதவர்களைத் திட்டித் தீர்க்கத்தான் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், உங்க மிஸஸுக்கு சீட் இருந்துச்சு. யாராவது விட்டுக்கொடுக்க முடியுமான்னு கேட்டிருக்காங்க. அவங்கதான் முதல்ல கை தூக்கினாங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. வீட்டில் இருக்க முடியாமல், லீவிலேயே ஒரு லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போனேன். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மா. "பயப்படாதீங்கம்மா, நான் வெளியிலதான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே கதவைத் திறந்தேன். இறங்கியவர், "நான் நல்லாத்தான் இருந்தேன் தம்பி, உங்க குரல்தான் நடுங்குச்சு" என்றார்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். விமானம் தவறியது என்று நேற்று நீ எழுதியதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்யாணமாகி நாம் சேர்ந்திருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. யாரோ ஒருத்தி நிரந்தரமாகத் தங்க வருகிறாள், அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்று பயம்.

நீயும் அதற்குத்தான் கை தூக்கினாய் என்றால், வா. இரண்டு பயந்தாங்கொள்ளிகளும் ஒரே வீட்டில் இருந்து பார்ப்போம். வேறு காரணம் என்றால் அதையும் எழுது. தாங்கிக்கொள்வேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.

உன்
லிஃப்ட்காரன்

வியாழன், காலை

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் 'அப்பாடா'வைப் படித்துவிட்டு, அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன். அந்தக் கூடத்தில் இரண்டையும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

வேறு காரணம் எதுவும் இல்லை. என் இடத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி போனாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கூசிப்போய்விட்டது. நான் அவளுக்காகவா விட்டுக்கொடுத்தேன்? வீட்டுக் கதவை நீங்கள் திறக்கிற அந்த நிமிஷத்தை இன்னொரு நாள் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.

இன்றும் கேட்டார்கள். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது இருக்கைக்கு வந்து பெல்ட்டும் போட்டாயிற்று. ஆனால் விமானம் ஓடுபாதை ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கிறது. ஏதோ விளக்கு எரியவில்லையாம். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கே அலுத்துவிட்டது. "இன்னும் எவ்வளவு நேரம்தான் நிப்பாட்டி வைப்பீங்க? எனக்கு வீட்டுக்குப் போகணும்!" என்று சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்.

இத்தனை தாமதத்திலும் வராத கோபம் எனக்கு இப்போதுதான் வருகிறது.

உங்கள்
சிஸ்டரம்மா