பேசாமல் இருந்த மத்தியானங்கள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று இந்தத் தடவை மனசாரவே எழுத முடிகிறது, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணாரத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். அக்கா குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று மட்டும் உனக்குச் சொன்னேன், மற்றதைச் சொல்ல வாயெடுத்தால் குரலே எழும்ப மாட்டேன் என்கிறது. காய்கறி மண்டியில் ஏலம் கூவியே வெண்கலம் என்று பட்டப்பெயர் வாங்கியவனுக்கா என்று நீ சிரிப்பாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

அக்காவுக்கு மாதம் நிறையாமலே பிறந்துவிட்டது என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளை பதறிப்போவாளே என்றுதான். குழந்தை என் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் ஒயருமாகக் கிடந்தாள். மூச்சு விடுவதை நடுநடுவே மறந்துவிடுகிறாள் என்றார் டாக்டர், மருந்தோடு தாயின் நெஞ்சுச் சூடும் கிடைத்தால் தேறுவாள் என்றார். அக்காவோ காய்ச்சலில் நினைவு தப்பி வேறு மாடியில் கிடந்தாள், உன் அம்மா அவளை விட்டு நகர முடியாது, மாப்பிள்ளைக்கு விடாத இருமல். மிச்சம் இருந்தது நான்தான். அந்த வார்டின் தலைமை நர்ஸ், எல்லோரையும் உஷ் உஷ் என்று அடக்குவதால் உஷ்ஷம்மா என்று நானே பெயர் வைத்திருந்தேன், அவர் வந்து, "தாத்தா நெஞ்சும் நெஞ்சுதான், குளிச்சிட்டு வாங்க" என்றார்.

சாய்வு நாற்காலியில் என்னை உட்கார வைத்து, வெறும் நெஞ்சில் அவளைக் கவிழ்த்துப் போட்டுத் துணியால் சுற்றினார்கள். கனமே இல்லை அம்மாடி, சூடு மட்டும்தான் தெரிந்தது. ஆசை தாங்காமல் ராஜாத்தி என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், என் கணக்கில் மெதுவாக. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை இரண்டும் விரிந்தன, உதடு நீலம் பாரித்தது, மிஷின் திரையில் அவள் மூச்சைக் காட்டுகிற எண் மளமளவென்று இறங்கியது, மிஷின் அலறியது. உஷ்ஷம்மா ஓடிவந்து பாதத்தைத் தேய்த்த பிறகுதான் மூச்சு வந்தது. எடுத்துக்கோங்கம்மா, என்னால ஆகாது என்று அழாக்குறையாகக் கெஞ்சினேன். அவர் எடுக்கவில்லை. "பேச வேணாம், அசைய வேணாம், நீங்க மூச்சு மட்டும் விடுங்க, மீதிய அவ பாத்துக்குவா" என்றார்.

அந்த வார்டில் மத்தியானத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது. விளக்கைத் தணித்தார்கள், ஜன்னல் துணியை இழுத்துவிட்டார்கள், நர்ஸுகள் காலடி கேட்காமல் நடந்தார்கள். முதலில் எனக்கு வாய்தான் மூடியிருந்தது, உள்ளே ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. தக்காளிக் கூடை, யாரோடோ போட்ட சண்டை, பெரியவள் பிழைப்பாளா என்ற பயம், எல்லாம் கத்திக் கத்தி ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததில் அவள் மூச்சு கேட்டது, தாள் உரசுகிற அளவுக்கு. கேட்டுக்கொண்டே இருந்தபோது நின்றது. கூப்பாடு போடலாம் போலிருந்தது. போடாமல் என் மூச்சை நீளமாக இழுத்து விட்டேன், நெஞ்சோடு அவளும் ஏறி இறங்கினாள், ஒரு சின்ன இழுப்பு, பிறகு இன்னொன்று. இறங்கப் பார்த்த எண் மறுபடி ஏறி அங்கேயே நின்றது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது எனக்கு. ஒரு உயிர் நிற்பதா போவதா என்று முடிவாகிறது, அதற்கு ஒரு சத்தமும் இல்லை. இந்த உலகத்தில் இப்படி என்னென்ன நடந்துகொண்டிருக்கிறதோ, காது கொடுத்தால்தானே தெரியும்.

தினமும் மத்தியானம் போனேன். அக்கா காய்ச்சல் தெளிந்து சக்கர நாற்காலியில் வந்த அன்று, குழந்தையை அவள் நெஞ்சுக்கு மாற்றினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. உஷ்ஷம்மா திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதும் காலையில் கூவத்தான் கூவுகிறேன், கூவாவிட்டால் அடுப்பெரியாதே. ஆனால் மத்தியானம் டிவியை அணைத்துவிட்டு ஜன்னலோரம் சும்மா உட்காருகிறேன். முதல் நாள் உன் அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது அவளும் வந்து உட்காருகிறாள். நேற்று அவளாகவே, அந்த நாட்களில் தான் எப்படியெல்லாம் பயந்தாள் என்று சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பேச்சுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது, வந்துவிட்டது.

நீயும் சாப்பிடும்போதாவது காதில் மாட்டியிருப்பதைக் கழற்றி வை. முதல் இரண்டு நாள் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கும், பரவாயில்லை, அப்பாவுக்கே முடிந்தது. குளிருக்குக் கம்பளிச் சட்டை போட மறக்காதே. நீ நீடூழி நன்றாக இரு, எங்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனைக் குழந்தை பக்கத்தில் வைக்கிறேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, ஹலோ ஹலோ என்றும் கத்தாதே. அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். கேள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா