மகனுக்கு நான் கொடுத்த வெளிநாட்டு வேலை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. பொய் சொல்லிப் பழகிவிட்டது.

இந்த வாரம் ரத்தம் சுத்தம் செய்தபோது மயக்கம் வந்ததா? சித்தி வீட்டில் தூங்க முடிகிறதா? போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். நீ உப்பில்லாமல் சாப்பிடுகிறாய் என்று அம்மாவும் உப்பை விட்டுவிட்டாள். நானும் மூச்சுக் காட்டாமல் சாப்பிடுகிறேன்.

நம் தெருக்கோடி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை எங்கள் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் மறுபடி சோதித்தேன். பேட்டரிப் பட்டறைக் கழிவு இறங்கி, ஈயம் இருக்கலாம் என்ற அளவைப் போல் ஆறு மடங்கு. குழாயைப் பூட்டலாம் என்றால், "ஜனங்க கத்துவாங்க, அவங்களே வேணாம்னு சொல்லட்டும்" என்கிறார் மேலதிகாரி. எண்களைப் பலகையில் எழுதி மாட்டினேன். அதில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். சரி என்று வீடு வீடாகப் போனேன். தையல்காரர் சிரித்தார். "உங்க பையன் இருபது வருஷம் இந்தத் தண்ணிதானே குடிச்சான்? இப்போ வெளிநாட்ல ஜம்முனு இருக்கான். அப்புறம் என்ன சார் பயம்?" என்றார்.

தங்கைக்கு வரன் தட்டிப்போகுமே என்று உன் சிறுநீரகம் கெட்டதை மறைத்து, வெளிநாட்டில் வேலை என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தானே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் தெருவே கெடுகிறது.

தையல்காரர் மகளுக்கு ஒன்பது வயது. காலையில் முகம் வீங்கி எழுந்திருக்கிறாளாம். உனக்கும் முதலில் முகம்தான் வீங்கியது. தூங்குமூஞ்சி என்று கேலி செய்தேன்.

ஞாயிறு காலை குழாயடியில் கூட்டம் போட்டிருக்கிறேன். மறுபடி எண்களைச் சொன்னால் கலைந்துவிடுவார்கள். உன்னைப் பற்றிச் சொன்னால் நிற்பார்கள். தங்கையிடம் கேட்டேன். "சொல்லுங்கப்பா, ஓடற மாப்பிள்ளை ஓடட்டும்" என்றாள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் உடம்பு உன்னுடையது. உன்னைக் கேட்காமல் பொய் சொன்னேன். உண்மையையாவது கேட்டுச் சொல்கிறேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், கண்ணு. சனிக்கிழமைக்குள் போன் செய். சரி என்று சொல், இல்லை வேண்டாம் என்று திட்டு. "நல்லா இருக்கேன்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அப்பா