சூடு காட்டாத தண்டு

8-6-1967, வியாழன். ஸ்ரீரங்கம்.

அலாய் ஸ்டீல் தண்டைச் சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் ஆறும்போது விரிசல் விடும். போன மாதம் ஃபோர்மேன் அவசரப்படுத்தி அப்படித்தான் வைக்கச் சொன்னார். விரிசல் விட்டதும் பழி என் மேல். மூன்று நாள் சஸ்பென்ஷன்.

இன்று தண்டைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். "தோசைக்கல்லாய்யா காய வைக்கிறே? தள்ளு" என்று ஃபோர்மேன் வெல்டிங் கருவியைப் பிடுங்கி, வேறொரு சில்லிட்ட தண்டில் தாமே பற்றவைத்தார். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

"உன் நம்பரை அடிச்சிடு" என்று போய்விட்டார்.

பற்றவைத்தவன் நம்பரைத்தான் தண்டில் அச்சாக அடிக்க வேண்டும் என்பது விதி. அவர் மேசையிலிருந்த அவருடைய நம்பர் அச்சையே எடுத்து, சுத்தியலால் ஓங்கி அடித்தேன்.

ஆறிய தண்டுக்குள் 'டிக்'கென்று ஒரு சத்தம். நாளைக் காலை தண்டுகளைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார்.

இப்போது கோயிலில் நாதஸ்வரம் கேட்கிறது. அந்த 'டிக்' அளவுக்கு இனிக்கவில்லை.