கயிற்றாள் இட்ட குறி

நலம் பெருகுக. மழை காலத்தில் பொழிக. கடல் மேற்சென்றவர் யாவரும் கரை சேர்க.

இளவேங்கை நாட்டையும் அதன் துறைகளையும் காத்து, நீதி கேட்க வருபவர் முன் தம் முடியைக் கழற்றி வைத்து அமரும் திருவிளங்கோ மாறவேளார் திருவாய்மொழிந்தபடி, வெண்மணல்துறை ஊர்ச்சபையாருக்கும், துறைநாயகப் பதவிக்கு நின்ற ஏனாதி பூதியாருக்கும் சேந்தன் காரியாருக்கும் விடுத்த திருமுகம். சபை நடுவே நின்று எல்லோரும் கேட்கப் படிக்க.

உங்கள் ஊரில் குடவோலை எண்ணியபோது பூதியார் ஒன்பது ஓலை முந்தி நின்றார். முத்துக்குளிக்கத் தீவுக்குச் சென்றிருந்தவர்களின் ஓலைகள் மட்டும், மேலே அவரவர் பெயர் எழுதிய சுருள்களாக, தனிக்குடத்தில் முத்திரையோடு எஞ்சியிருந்தன. ஊரில் இல்லாதவர் தமக்கு ஓலை அனுப்பும்படி விண்ணப்பம் எழுதி, அதில் தம் கைக்குறியை இட வேண்டும் என்பது சட்டம். தீவிலிருந்து வந்த இருபத்து மூன்று விண்ணப்பங்களிலும் பெயர் ஒருவருடையதாகவும் குறி வேறொருவருடையதாகவும் இருந்தன. அவை கள்ள விண்ணப்பங்கள், குடத்தைத் திறக்கலாகாது என்று பூதியார் வழக்கிட்டார். இருமுறை நின்று தோற்றவர், கைக்கு வந்த பதவி நழுவுமோ என்று அஞ்சியதில் வியப்பில்லை.

நடுவர் பொற்கண்ணனார் இருதரப்பாரையும் ஒரே படகில் ஏற்றித் தீவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கேட்டவற்றைக் கேட்டபடியே எழுதி அனுப்பியிருக்கிறார்.

குளியாள் தத்தன் தன் கைகளை விரித்துக் காட்டினான். "சிப்பி கிழிச்சு ரெண்டு கையும் புண்ணாக் கெடக்கு. எழுத்தாணிய எங்க பிடிக்கிறது? குளிப்பு முடியிற வரைக்கும் எங்க சோறு, எங்க பங்கு, எங்க குறி எல்லாமே கயித்தாள் கையிலதான் ஐயா. அது இங்க வழக்கம்."

கயிற்றாள் என்பவர் குளியாளின் மனைவியோடு பிறந்தவர். கடலுக்குள் இறங்கியவனின் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடித்திருப்பவர். வேறு யாரையும் அந்த வேலைக்கு வைப்பதில்லை என்று தத்தன் சொன்னான். "கயித்த விட்டா அவரு தங்கச்சில்ல தாலிய இழப்பா. அதனால விட மாட்டாரு."

நானும் பிடிப்பேனே என்று பூதியார் சொல்லியிருக்கிறார்.

"உங்க கையில கொடுத்தா ஒரு ஓலை குறையும். உங்களுக்கும் தோதுதான்" என்றான் தத்தன். நடுவரும் சிரித்துவிட்டாராம்.

அதன்பின் தத்தன் கடலில் இறங்கினான். அவன் மைத்துனன் நம்பன் கயிற்றைப் பிடித்து நின்றான். பூதியார் அவனிடம், பிறர் பெயருக்குக் குறியிட உனக்கு யார் உரிமை தந்தது என்று குரல் உயர்த்திக் கேட்டார். நம்பன் திரும்பவேயில்லை.

"பொறுங்கய்யா, உள்ள ஆள் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னான். கயிறு அசையும்வரை தாமும் மூச்சைப் பிடித்து நின்றதை, தத்தனின் தலை நீருக்கு மேல் தெரிந்த பிறகே உணர்ந்ததாக பூதியாரே நடுவரிடம் சொல்லியிருக்கிறார்.

பின்னர் ஒவ்வொரு குளியாளையும் தனியே அழைத்து, ஓலை கேட்டது நீதானா என்று நடுவர் வினவினார். இருபத்திருவர் ஆம் என்றனர். கோவன் என்பவன் மட்டும் தலையைச் சொறிந்தான். "நான் கேக்கலீங்க. எனக்கு நெனப்பிருக்காதுன்னு மச்சானே போட்டுட்டாரு." அவன் விண்ணப்பம் தனியே எடுத்து வைக்கப்பட்டது.

திரும்பும் வழியில் பூதியார் தம் வழக்கைத் தாமே விலக்கிக்கொண்டார். வாயால் கேட்டவர்க்குக் குடம் திறக்கட்டும், தமக்கு மறுப்பில்லை என்றார். இதைக் கேட்டு நம் அரசர் மகிழ்ந்தார்.

ஆகவே ஆணை இது. இருபத்திரண்டு விண்ணப்பங்களும் செல்லும், கோவனுடையது செல்லாது. இனிக் குளிப்புக் காலத்தில், குளியாள் இரு சாட்சிகள் முன் வாயால் கேட்க, கயிற்றாள் இடும் குறி அவன் குறியாகவே கொள்ளப்படும். இத்திருமுகம் சேர்ந்த அன்றே, இரு வேட்பாளரும் அருகிருக்க, குடத்தைத் திறந்து எண்ணுக. வென்றவரைத் தோற்றவர் கைபிடித்து ஆசனத்தில் அமர்த்துக. இதற்கு மாறு செய்பவர் நம் துறைகளில் எதிலும் பதவிக்கு நிற்கலாகாது.

வேங்கைப்பூ முத்திரை இட்டோம். ஊரும் துறையும் வாழ்க.

ஓலையின் அடியில் சபையார் எழுதியது: திருமுகம் கேட்டோம், குடம் திறந்தோம். காரியாருக்குப் பதினாறு, பூதியாருக்கு ஆறு. ஓர் ஓலையால் காரியார் துறைநாயகம் ஆனார். தம் பெயர் எழுதிய ஆறு ஓலைகளையும் பூதியார் கையில் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுகளையும் சேத்துத்தானே வேணாம்னேன்" என்றார். காரியாரைக் கைபிடித்து அமர்த்திவிட்டு, சாட்சியெழுத எழுத்தாணியை முதலில் வாங்கியவர் அவரே.

இப்படி அறிவேன், ஏனாதி பூதியேன். இவை என் எழுத்து.