பாஸ்வேர்டு கேட்காத லேப்டாப்

பாசமுள்ள அத்தானுக்கு,

கை பழக்கத்தில் அப்படி எழுதிவிட்டது. நீங்கள் துபாய்க்குப் போன புதிதில் நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். அடித்துவிட்டு வேறு மாதிரி எழுத யோசித்தேன். வேறு என்ன எழுதுவது?

போன மாதம் உங்கள் முதலாமாண்டு நினைவு விளம்பரம் பேப்பரில் வந்தது. உங்கள் தம்பி சுரேந்திரன் கொடுத்தது. ‘ஆறாத் துயருடன்’ என்று போட்டு, கீழே முதல் ஆளாக என் பெயர். என் துயர் ஆறியதா, அது துயர்தானா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆகவே என் பங்கை நானே எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும்.

உங்கள் லேப்டாப் ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2007இல் லீவுக்கு வந்தபோது அதைத் தலை துவட்டுகிற துவர்த்தில் பொதிந்து கொண்டுவந்தீர்கள். மேசையில் வைத்துத் திறந்ததும் நான் ஆசையில் கீபோர்டில் கை வைத்தேன். விரல்கள் தானாகவே ஏ, எஸ், டி, எஃப்பில் போய் உட்கார்ந்தன. “ஏட்டி, தொடாத. கெடுத்துப் போடுவ” என்றீர்கள். கையை எடுத்துவிட்டேன்.

நான் யாரென்று மறந்துவிட்டீர்களா? ஃபிசிக்ஸ் பட்டத்தோடு இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணினவள். நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பா முதலில் எடுத்துக் காட்டியதே அந்தச் சர்டிபிகேட்டைத்தான். ஒரு காலேஜ் ஆபீஸில் நான் டைப் அடித்தால் வராந்தாவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்ப்பார்கள். 2004இல் நீங்கள் விமானம் ஏறும்போது, “நீ சோலிக்குப் போனா வீட்ட யாரு பாக்கது?” என்றீர்கள். வேலையை விட்டேன். அதற்கு நான் அழவில்லை. அழுதிருக்க வேண்டும்.

2012இல் ஊரோடு வந்தபிறகு தினமும் சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறப்பீர்கள். நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டு காது கொடுத்திருப்பேன். டக். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி ஒரு டக். டைப் அடிக்கிறவர்களுக்குச் சத்தத்திலேயே தெரியும், அது ஓடுகிற கை இல்லை. யாருக்கோ யோசித்து யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். அவளுக்கு நானே ஒரு பெயர் வைத்தேன். பிலோமினா. நீளமான முடியும் கொடுத்தேன்.

ஒருநாள் சாயா கொண்டுவந்தேன். பட்டென்று மூடினீர்கள். “தட்டிட்டு வரப்பிடாதா?” என்றீர்கள். அன்றைக்கு அப்புறம் என் வீட்டில் நான் கதவைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன், நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நாள்வரை.

லேப்டாப் அப்படியே அலமாரியில் கிடந்தது. இந்த வருடம்தான் எனக்கு அது தேவைப்பட்டது. காலேஜ் ஆபீஸில் என்னோடு இருந்த கிரேஸ் தக்கலையில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறாள். கேள்வித்தாள் டைப் பண்ண ஆள் வேண்டுமாம். “வீட்டுல இருந்தே செய்யலாம் பிள்ளே. ஆனா சிஸ்டம் வேணும், உண்டா?” என்று கேட்டாள். உண்டு என்று சொல்லிவிட்டேன்.

அலமாரியைத் திறந்து, சார்ஜ் ஏற்றி, சுவிட்சை அமுக்கினேன். அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தபோதும் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பாஸ்வேர்டு கேட்டது. உங்கள் பெயரைப் போட்டேன். மகள் பெயரைப் போட்டேன். உங்கள் பிறந்த நாள், நம் கல்யாண நாள். கடைசியில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, என் பெயரைப் போட்டேன். அதுவும் இல்லை.

கடையில் காட்டினேன். “பாஸ்வேர்ட எடுத்தாலும் இது நவுராதுக்கா. தூரக் களஞ்சிட்டு புதுசு வாங்குங்க” என்றார்கள். நம் மகள் ஜெனிஷாதான் விடவில்லை. கோயம்புத்தூரில் இருந்து லீவுக்கு வந்தபோது விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற லினக்ஸ் சிஸ்டத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து தந்தாள்.

அவள் திரும்பிப் போன மறுநாள் சுரேந்திரன் வந்தார்.

“மைனி, அண்ணனுக்க லேப்டாப்ப எடுங்க. மார்த்தாண்டத்துல நமக்கு ஒரு ஆளு உண்டு, பூட்ட ஒடச்சுத் தருவான்.”

“எனக்கு அதுல வேல இருக்கு தம்பி.”

“உங்களுக்கு என்ன வேல? அண்ணன் பூட்டி வச்சிருக்குன்னா அதுல ஆம்பளையளுக்க காரியம் எதாவது கெடக்கும். பொம்பளைய நோண்டப்பிடாது.”

“ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்கிடுங்க” என்றேன்.

அவர் கொண்டுபோனால் திரும்பி வராது. அது வராவிட்டால் கிரேஸ் வேறு ஆளைப் பார்ப்பாள். மதியமே உட்கார்ந்தேன். ஜெனிஷா போனில்.

“ஆன் பண்ணின ஒடனே எஃப் ட்வெல்வ அமுக்கும்மா. விடாத, அமுக்கிட்டே இரு.”

“அமுக்கியாச்சு. கறுப்பா வருது.”

“வரட்டு. பென்டிரைவு பேரு காட்டுதா? அதுல போ.”

“லேசான சிஸ்டம்னியே மக்கா, கிராம் கணக்குல நிறுத்துப் பாப்பாவளா?”

“போம்மா. விண்டோஸு சொந்தக்காரங்க மாதிரி, வந்தா எடத்த எல்லாம் அடச்சிட்டு ஒக்காந்திரும். இது ஒரு மூலையில இருந்து வேலயப் பாக்கும். பழைய மெஷினுக்கு இதுதான் தாங்கும். மொதல்ல பென்டிரைவுல இருந்தே ஓட்டிப் பாரு. பெறவு ஏத்துவோம்.”

நீல நிறத்தில் திரை வந்தது. லேப்டாப் ஃபேனின் இரைச்சல் அடங்கியது. தொட்டால் திறக்கிறது, சொன்னால் கேட்கிறது. ஜெனிஷாவுக்குக் கிளாஸ் தொடங்கிவிட்டது, போனை வைத்துவிட்டாள். திரையின் ஓரத்தில் உங்கள் டிஸ்க் ஒரு சின்னப் படமாகத் தெரிந்தது. அமுக்கினேன்.

திறந்துவிட்டது, அத்தான். ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பாஸ்வேர்டு விண்டோஸுக்குள் போகத்தானாம். வேறு சிஸ்டத்தில் இருந்து பார்த்தால் டிஸ்க்கில் உள்ளது எல்லாம் அப்படியே கிடக்குமாம். பிறகு மகள்தான் சொன்னாள். கதவே இல்லாத இடத்திலா நான் இத்தனை வருடம் தட்டிக்கொண்டு நின்றேன்?

பிலோமினாவைத் தேடினேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை. கொஞ்சம் டப்பிங் படங்கள். உங்களுடையதல்லாத காரில் சாய்ந்து நிற்கிற நீங்கள். ஜெனிஷாவின் சின்ன வயதுப் படங்கள். பெயர் வைக்காத ஃபோல்டர்கள், அவற்றுக்குள்ளும் ஃபோல்டர்கள், எல்லாம் காலி. கடைசியில் ஒன்றில் வரிசையாகக் கோப்புகள். முதலாவதைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. பக்கம் முழுக்க ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். அடுத்து செமிகோலன், எல், கே, ஜே. இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்த அன்றைக்குக் கொடுக்கிற முதல் பாடம். வரிக்கு வரி தப்பு. அடுத்த கோப்பிலும் அதே பாடம், அதே தப்பு. மூன்றாவது பாடத்துக்குமேல் நீங்கள் போகவில்லை.

டைப் அடிக்கப் படித்திருக்கிறீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குத் தெரியாமல்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கதையில் என்றால் வரும். எனக்கு வந்தது வேறு. உங்கள் மோதிர விரல் ‘எஸ்’ஸுக்குப் போகாமல் நடுவிரல் போயிருக்கிறது, அந்தத் தப்புகளைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சரியாகியிருக்கும். உட்காரவில்லை. மனைவியிடம் கேட்பதைவிட, அவள் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து சாகட்டும் என்பது உங்களுக்குச் சுலபமாக இருந்ததா? ஒருத்தி இருந்திருந்தாலாவது எனக்குக் கோபப்பட ஒரு முகம் கிடைத்திருக்கும். உங்கள் கௌரவத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது? அதற்கு முகமும் இல்லை, முடியும் இல்லை.

மகள் படங்களை மட்டும் வேறொரு பென்டிரைவில் எடுத்துவைத்தேன். பிறகு லினக்ஸை நிரந்தரமாக ஏற்றினேன். உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டு ஏற்றவா, முழுவதும் அழித்துவிட்டு ஏற்றவா என்று கேட்டது. அழி என்றேன். ஒருதரம் கேட்டுவிட்டு மறுதரமும் கேட்டது. நீங்கள் என்னிடம் ஒருதரம்கூட அப்படிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுரேந்திரன் வந்தபோது நான் கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருந்தேன்.

“தொறந்தாச்சா? உள்ள என்ன இருந்து மைனி?”

“நாலஞ்சு சினிமா.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் அழிச்சாச்சு.”

“அண்ணன் செத்து ஒரு வருசம்தான் ஆச்சு, கேட்டியளா. அதுக்குள்ள அழிச்சாச்சா?” என்று சொல்லிவிட்டுச் சாயாவைக் குடிக்காமல் போனார். உங்கள் பாடத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்ற என்று நினைக்காதீர்கள். அவர் சிரிப்பதை எனக்குப் பார்க்க வேண்டாம்.

ஜெனிஷாவிடம் சொன்னேன். அங்கேதான் நான் கணக்குப் போட்டது தப்பாகிவிட்டது. அவளும் என்னைப்போல் கொதிப்பாள் என்று நினைத்தேன்.

“அதையும் அழிச்சிட்டியாம்மா?”

“படம் எல்லாம் வச்சிருக்கேன் மக்கா.”

“படம் எல்லாரும் வச்சிருக்காங்க. அப்பா தப்புத் தப்பா அடிச்சது வேற யாருகிட்டயும் கிடையாதுல்லா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்கவில்லை. அழுகிறாள் என்று மூச்சில் தெரிந்தது. பிறகு போனை வைத்துவிட்டாள். பல நாள் எடுக்கவில்லை. நீங்கள் என்னிடம் மறைத்த ஒன்றுக்காக, என் மகள் என்னிடம் பேசாமல் இருந்தாள். இறந்த பிறகும் உங்கள் பக்கம்தான் நியாயம் போய்ச் சேருகிறது. எப்படி அத்தான் இது?

ஆனால் அவள் கேட்டது சரி. அவளுடைய அப்பா வேறு. நான் கதவுக்கு வெளியே நின்று கேட்ட ஆள் வேறு. அழி என்று சொல்லும்போது எனக்கு ஒரு ஆளைத்தான் தெரிந்தது.

கிரேஸ் வேலையைத் தொடர்ந்து தருகிறாள். முன்போல் வேகம் இல்லை, திரும்பி வந்துகொண்டிருக்கிறது. நேற்று ஜெனிஷா செய்தி அனுப்பினாள், கிறிஸ்துமஸுக்கு வருகிறாளாம். உட்கார்ந்து எல்லாம் பேச வேண்டுமாம்.

சொல்வேன். நீங்கள் டைப் அடிக்கப் படித்தீர்கள் என்று சொல்வேன். நான் பக்கத்து அறையில் இருந்தேன், அப்படியும் என்னிடம் கேட்கவில்லை என்பதையும் சொல்வேன். நல்ல அப்பா என்று அவளைத் தேற்றுவதற்காக அதை விழுங்கமாட்டேன். என் வயிற்றெரிச்சலுக்காக மற்றதையும் விழுங்கமாட்டேன். பிறகு அவள் எந்த அப்பாவை வைத்துக்கொள்கிறாளோ, அது அவள் பாடு. அதில் நான் கை வைக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று அவள் கேட்டால், இன்னும் இல்லை என்பேன்.

இப்படிக்கு,
கேட்டிருந்தால் கற்றுக்கொடுத்திருக்கும் உங்கள் மனைவி,
புஷ்பா